வருகைப் பதிவும் மதிப்பெண்ணும்: எம்பிபிஎஸ் தரவை எப்படிப் படிப்பது?

பதிவு 1 · குறிஞ்சிநிலம் (சமுதாய மருத்துவம், எம்.டி.)

முதலாண்டு எம்பிபிஎஸ், ஒரே பேட்ச், 150 பேர். அனாடமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றுக்கும் வருகைப் பதிவு, இன்டர்னல் (கல்லூரியே நடத்தும் தேர்வு) மதிப்பெண், யுனிவர்சிட்டி மதிப்பெண் எல்லாம் கிடைக்கும். வருகை சதவீதத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்) பார்க்கலாம் என்று திட்டம். துறையில் கேட்டால், "வந்தவன் பாஸாவான், வராதவன் ஃபெயிலாவான், இதில் ஆராய என்ன இருக்கு" என்கிறார்கள். மாணவர்களைக் கேட்டால், படிப்பதற்கு வீடியோ இருக்கிறது, வகுப்புக்கு வருவது 75 சதவீத வருகை எடுக்கத்தான் என்கிறார்கள். தரவு வைத்துப் பேசினால் இரண்டு பக்கமும் கேட்கும் என்று நினைக்கிறேன்.

கேட்க விரும்புவது: தியரி வருகையையும் பிராக்டிகல் வருகையையும் சேர்த்துப் பார்க்கலாமா? இன்டர்னல் மதிப்பெண்ணை எடுப்பதா, யுனிவர்சிட்டி மதிப்பெண்ணையா? 150 பேர் போதுமா?

பதிவு 2 · புள்ளிக்கோடு (உயிரியல் புள்ளியியல்)

கடைசிக் கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். 0.3 அளவுள்ள கெழுவைக் கண்டுபிடிக்க 85 பேர் போதும் (இருக்கும் உறவைப் பிடிக்கும் திறன் 80 சதவீதம், இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பிழை 5 சதவீதம்). 0.2 தான் இருக்கும் என்று எதிர்பார்த்தால் 190 பேருக்கு மேல் வேண்டும். உங்களுக்கு 150 என்பது நடுவாந்தரம். இரண்டு பேட்ச் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வினாத்தாள் வேறு என்பதால் மதிப்பெண்ணை பேட்ச் வாரியாக இசட் மதிப்பாக (சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி என்ற எண்) மாற்றிவிட்டுச் சேர்க்க வேண்டும்.

பெரிய சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, 75இல் இருக்கிறது. தியரியில் 75 சதவீதம் இல்லாதவர் தேர்வே எழுத முடியாது. ஆகவே யுனிவர்சிட்டி மதிப்பெண் உள்ள அத்தனை பேரும் 75க்கு மேலே இருப்பவர்கள். வகுப்புக்கே வராமல் போனவர்கள் உங்கள் அட்டவணையில் இடம்பெறவே மாட்டார்கள். மிச்சமுள்ள 75 முதல் 98 வரையிலான குறுகிய பட்டையில் கணக்குப் போட்டால் கெழு தானாகச் சுருங்கும். அதைப் பார்த்துவிட்டு "வருகைக்குப் பெரிய பங்கில்லை" என்று எழுதினால், தடுத்து நிறுத்தப்பட்டவர்களை மறைத்துவிட்டு எழுதியதாக ஆகும். முதல் இன்டர்னலை அநேகமாக எல்லோரும் எழுதியிருப்பார்கள், அதைக் கட்டாயம் சேருங்கள். டீடெயின் ஆனவர்களின் எண்ணிக்கையைத் தனி வரியாகக் கட்டுரையில் கொடுங்கள்.

அடுத்து ஒரு வேலை. வருகை சதவீதத்தை ஒவ்வொரு சதவீதமாகப் பிரித்து ஹிஸ்டோகிராம் வரைந்து பாருங்கள். 72, 73, 74இல் ஆளே இல்லாமல் 75இலும் 76இலும் மட்டும் கூட்டமாக நின்றால், அந்த எண்கள் வகுப்பறையிலிருந்து வந்தவை அல்ல. வருடக் கடைசியில் யாரோ இரக்கப்பட்டுச் சரிசெய்தவை. அப்படியிருந்தால் இறுதிப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, மாதவாரிப் பதிவேட்டின் மூலப் பக்கங்களிலிருந்து எடுங்கள். வருகை ஒரு பக்கமாகக் குவியும் தரவு என்பதால் பியர்சனை விட ஸ்பியர்மன் தரவரிசைக் கெழு பாதுகாப்பானது.

இன்டர்னலா யுனிவர்சிட்டியா என்று கேட்டீர்கள். சில துறைகளில் இன்டர்னலுக்குள்ளேயே லாக்புக், ரெக்கார்டு, வருகை ஆகியவற்றுக்கென்று மதிப்பெண் ஒளிந்திருக்கும். அதை வருகையோடு ஒட்டுறவு பார்த்தால் ஒரே பொருளை அதனோடேயே ஒப்பிட்டதாகிவிடும். தாள் மதிப்பெண்ணை மட்டும் பிரித்து எடுங்கள்.

பதிவு 3 · நாடித்துடிப்பு (ஃபிசியாலஜி ஆசிரியர்)

மேடம், தியரியையும் பிராக்டிகலையும் சேர்க்கவே கூடாது. விதியே பிரித்துத்தான் வைத்திருக்கிறது: தியரிக்கு 75, பிராக்டிகலுக்கும் கிளினிக்கலுக்கும் 80. அதுவும் பாடவாரியாக. மூன்று பாடத்தையும் சேர்த்து 82 சதவீதம் என்று ஒரு எண் சொன்னால் அதற்கு அர்த்தமில்லை. அனாடமியில் 90, பயோகெமிஸ்ட்ரியில் 68 வைத்திருப்பவர் பயோகெமிஸ்ட்ரி எழுத முடியாது.

வகுதி எண்ணையும் (மொத்தம் நடந்த வகுப்பு எத்தனை என்பதையும்) கவனியுங்கள். 2019இல் வந்த சிபிஎம்இ (திறன் சார்ந்த மருத்துவக் கல்வி) பாடத்திட்டத்தில் அனாடமிக்கு மொத்தம் 675 மணி நேரம் இருந்தது. அதில் லெக்சர் 220, சிறுகுழுக் கற்றலும் பிராக்டிகலும் சேர்த்து 415, தானே கற்றலுக்கு 40. ஃபிசியாலஜிக்கு லெக்சர் 160, சிறுகுழு 310. இந்த மணிக்கணக்கு பின்னர் மாறியது. லெக்சர் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதே விதி. வகுப்புக்குப் போவதா வேண்டாமா என்று மாணவர்கள் வாதாடுவதெல்லாம் இந்த மூன்றில் ஒரு பங்கைப் பற்றித்தான். மிச்சம் டிசெக்‌ஷன் ஹாலிலும் ஹிஸ்டாலஜி லேபிலும் நடக்கிறது, அங்கே வீடியோ பேச்சு எடுபடாது.

டியூட்டோரியலை ஒரு துறை தியரியில் எழுதும், இன்னொரு துறை பிராக்டிகலில் எழுதும். எஸ்டிஎல் (தானே கற்றல்) மணி நேரத்துக்குப் பதிவே எடுக்காத துறையும் உண்டு. மூன்று துறை எண்களையும் அப்படியே வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு கெட்டுவிடும். எந்த வகுப்பை எந்தத் தலைப்பில் எழுதினார்கள் என்று துறைவாரியாகக் கேட்டு, நீங்களே ஒரே முறைக்குக் கொண்டுவாருங்கள். விளையாட்டுப் போட்டி, மருத்துவ விடுப்பு, கல்லூரி வேலை என்று ஓ.டி. (ஆன் டியூட்டி) போட்டதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். சிலர் "வந்தார்" என்று எழுதுவார்கள், சிலர் அந்த வகுப்பையே அந்த மாணவருக்கு மட்டும் வகுதியிலிருந்து கழிப்பார்கள். ஒரே மாணவருக்கு இரண்டு முறையிலும் இரண்டு வெவ்வேறு சதவீதம் வரும்.

பதிவு 4 · வார்டு_விடியல் (சிஆர்ஆர்ஐ, பயிற்சி மருத்துவர்)

மாணவர் பக்கத்தைச் சொல்ல ஒருவர் வேண்டும் இல்லையா. லெக்சருக்கு வராமல் இருப்பவர்கள் எல்லோரும் தூங்குகிறவர்கள் இல்லை. 250 பேர் உட்காரும் ஹாலில் ரோல் கால் எடுக்கவே பத்து நிமிடம் போகும். மிச்ச நேரத்தில் ஸ்லைடைப் பார்த்து அப்படியே வாசித்தால், அதே ஸ்லைடை அறையில் இருந்து இருபது நிமிடத்தில் படித்துவிட முடியும். மதியம் அனாடமி பார்ட் கம்ப்ளீஷன் டெஸ்ட் வைத்துவிட்டு, காலை 8 மணி பயோகெமிஸ்ட்ரிக்கு ஆள் வரவில்லை என்று கேட்பதும் நடக்கிறது. அது அட்டவணை போட்டவர் பார்க்க வேண்டிய விஷயம்.

ஃபைனல் இயரில் கதையே வேறு. பிஜி நீட்டுக்காக (முதுநிலை நுழைவுத் தேர்வு) மாரோ, ப்ரெப்லேடர் வீடியோக்களைப் பார்த்து எம்சிக்யூ போட்டுக்கொண்டிருப்பவர் வகுப்புக்கு வராமலே அந்தத் தேர்வில் நல்ல ரேங்க் எடுக்கக்கூடும். அதே ஆள் யுனிவர்சிட்டி பிராக்டிகலில் லாங் கேஸ் (ஒரு நோயாளியை முழுதாகப் பரிசோதித்துச் சொல்லும் பகுதி) முன்னால் நின்று தடுமாறுவார். இரண்டு தேர்வும் அளப்பது இரண்டு வேறு திறமையை. ஆய்வில் "கல்வித் திறன்" என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தேர்வு என்று சொல்லிவிடுங்கள் அக்கா.

பதிவு 5 · அறுவைக்கூடம் (ஜெனரல் சர்ஜரி)

மேலே தம்பி தொட்டதை விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் வருகையின் உண்மையான மதிப்பு தெரிகிற இடம் வார்டுதான்.

செகண்ட் இயரில் சர்ஜரி போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) 4 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 15 மணி, நாளுக்கு 3 மணி என்று வைத்தால் 20 நாள். 80 சதவீதத்துக்கு 16 நாள் வர வேண்டும். நான்கு நாள்தான் விடலாம். கல்லூரி கல்ச்சுரல்ஸ் ஒரு வாரம் நடந்தாலே அந்த நான்கு நாள் போய்விடும், பிறகு ஒரு காய்ச்சலுக்குக்கூட இடமில்லை. பல கட்டங்களில் நடத்தும் பாடங்களுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியாக இந்த அளவு வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. செகண்ட் இயரில் விட்டதை ஃபைனலில் கூடுதலாக வந்து ஈடுகட்ட முடியாது.

லெக்சர் தவறினால் புத்தகம் இருக்கிறது. கேஸ் தவறினால்? அந்த வாரம் அட்மிட் ஆன ஹெர்னியா (குடலிறக்க) நோயாளி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார். வேறு ஹெர்னியா வரும்தான், ஆனால் உங்கள் கையைப் பிடித்து இடம் காட்டிய அந்த அரைமணி நேரம் மறுபடி வராது.

டீப் ரிங் ஆக்லூஷன் டெஸ்டை (ஹெர்னியா டைரக்ட் வகையா இன்டைரக்ட் வகையா என்று விரலால் அடைத்துப் பார்ப்பது) எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் புத்தகத்திலும் மூன்றே வரிதான். தேர்வில் பார்த்தால் முதல் தவறு, வீக்கத்தை உள்ளே தள்ளாமலேயே கட்டைவிரலை வைப்பது. உள்ளே போகாத ஹெர்னியாவில் இந்த டெஸ்டே செய்யக் கூடாது. இரண்டாவது, இடம். ஏஎஸ்ஐஎஸ்ஸுக்கும் (இடுப்பெலும்பின் முன்முனை) ப்யூபிக் ட்யூபர்க்கிளுக்கும் (பூப்பெலும்பின் சிறு முகடு) நடுவே, அதற்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் மேலே வைக்க வேண்டும். மாணவர்கள் ஏஎஸ்ஐஎஸ்ஸிலிருந்து சிம்ஃபிசிஸ் (இரு பூப்பெலும்பும் சேரும் நடுக்கோடு) வரை அளந்து நடுவில் வைப்பார்கள். அது ஃபீமரல் ஆர்ட்டரியைத் (தொடைத் தமனியை) தேடும் இடம். மூன்றாவது, இரும்பச் சொல்லிவிட்டு நோயாளியின் முகத்தைப் பார்ப்பது. பார்வை இங்குவைனல் (கவட்டை) பகுதியில் இருக்க வேண்டும், விரலுக்கு உட்பக்கம் வீக்கம் எழுந்தால் டைரக்ட், எழாவிட்டால் இன்டைரக்ட். இந்த மூன்றையும் நான்கைந்து நோயாளிகளிடம் செய்த கை தடுமாறாது.

மெடிசினில் ஷிஃப்டிங் டல்னஸும் (வயிற்றில் நீர் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது) இப்படித்தான். பக்கவாட்டில் திரும்பிப் படுக்கவைத்துவிட்டு, நீர் இறங்க அரை நிமிடமாவது காத்திராமல் உடனே தட்டுவார்கள். திரும்பும்போது விரலை எடுத்துவிட்டு வேறெங்கோ வைப்பார்கள். தவறு எங்கே என்று பக்கத்தில் நின்று பார்க்கிறவர்தான் சொல்ல முடியும்.

ஆகவே உங்கள் ஆய்வு முதலாண்டோடு நின்றால் பாதிதான் கிடைக்கும். போஸ்டிங் வருகையை பிராக்டிகல் மதிப்பெண்ணோடு வைத்துப் பாருங்கள். தியரி வருகையை விட அது தெளிவாகப் பேசும் என்பது என் கணிப்பு.

பதிவு 6 · புள்ளிக்கோடு

டாக்டரின் கணிப்பைச் சோதிக்கலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை. பிராக்டிகலில் இன்டர்னல் எக்ஸாமினரும் இருப்பார். மாணவரின் முகம் தெரிந்தவர். தவறாமல் வந்தவருக்கு நல்ல மனதோடு இரண்டு மார்க் கூடலாம். இதை முழுக்கப் பிரிக்க வழியில்லை, வரம்பாக எழுதிவிட வேண்டும். ஆஸ்கி (நிலையம் நிலையமாகச் சென்று செய்துகாட்டும் தேர்வு) நிலையங்களில் செக்லிஸ்ட் வைத்துப் போட்ட மதிப்பெண் இருந்தால் அது மேல்.

"வந்தால் மார்க் வரும்" என்று காரண காரியமாக எழுதும் ஆசையையும் அடக்க வேண்டும். 2010இல் கிரெடே, ராக், கீஷிங்கா மூவரும் கல்லூரி மாணவர்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள் (மருத்துவ மாணவர்கள் மட்டுமல்ல, பொதுவாகக் கல்லூரி). வருகைக்கும் அந்தப் பாட மதிப்பெண்ணுக்கும் கெழு 0.44. கல்வி ஆய்வுகளில் இது பெரிய எண். வர்க்கமாக்கினால் 0.19, அதாவது மதிப்பெண் வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் வருகையைக் கட்டாயமாக்கியதால் சராசரி மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தது என்று பார்த்தபோது விளைவு சிறியதாகத்தான் இருந்தது: 0.21 (இது கெழு அல்ல, திட்டவிலக்க அளவில் சராசரிகளின் வித்தியாசம்), அதுவும் மூன்றே மாதிரிகளில். தானாக வருகிறவரிடம் இருக்கும் ஒழுங்கும் ஆர்வமும் மதிப்பெண்ணில் தெரிகிறது. பிடித்து உட்காரவைத்தவரிடம் அது அதே அளவு தெரிவதில்லை. துறையில் "வந்தவன் பாஸாவான்" என்கிறார்களே, அதற்கு இதுதான் பதில்.

இதைக் கொஞ்சமாவது பிரிக்க, நேர வரிசையைப் பயன்படுத்துங்கள். முதல் இன்டர்னலுக்கும் இரண்டாவதுக்கும் இடையிலான வருகையை எடுத்து, இரண்டாம் இன்டர்னல் மதிப்பெண்ணை அதனால் கணிக்க முடிகிறதா பாருங்கள். முதல் இன்டர்னல் மதிப்பெண்ணையும் நீட் மதிப்பெண்ணையும் அதே ரெக்ரஷனில் (பல காரணிகளை ஒன்றாக வைத்துக் கணிக்கும் முறை) சேருங்கள். அதற்குப் பிறகும் வருகையின் கெழு நின்றால் பேச ஏதோ இருக்கிறது. முதல் இன்டர்னலில் அடிவாங்கியதால் மனம் விட்டு வகுப்புக்கு வராமல் போனவர்களும் உண்டு. அங்கே மதிப்பெண் காரணம், வருகை விளைவு.

பதிவு 7 · பொன்னேரி_முதலாண்டு

சார், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத கேள்விதான், மன்னிக்கவும். தியரியில் 60 வகுப்பு நடந்து ஒருவர் 40க்கு வந்திருந்தால், 75 ஆக இனி எத்தனை வகுப்பு விடாமல் வர வேண்டும்? ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். 75க்கு 45 போதும், அதனால் ஐந்து வகுப்பு வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் சிலர்.

பதிவு 8 · நாடித்துடிப்பு

சம்பந்தம் நிறைய இருக்கிறது தம்பி. ஐந்து என்பது தவறு. நீங்கள் வரும் ஒவ்வொரு வகுப்பும் வகுதியையும் கூட்டுகிறது. 45ஐ எட்டும்போது நடந்த வகுப்பு 65 ஆகியிருக்கும், அது 69 சதவீதம்தான்.

75க்கு: நடந்ததை 3ஆல் பெருக்கி, வந்ததை 4ஆல் பெருக்கிக் கழியுங்கள். 180 கழித்தல் 160, ஆக 20 வகுப்பு. சரிபார்க்க: 80க்கு 60, சரியாக 75.

80க்கு: நடந்தது பெருக்கல் 4, வந்தது பெருக்கல் 5. பிராக்டிகல் 30 நடந்து 22க்கு வந்திருந்தால் 120 கழித்தல் 110, பத்து வகுப்பு. 40க்கு 32.

இனி எத்தனை விடலாம் என்பதற்கு, வந்ததை 0.75ஆல் வகுத்து நடந்ததைக் கழியுங்கள். 60க்கு 51 வந்திருந்தால் 68 கழித்தல் 60, எட்டு. விடை எட்டு என்பதற்காக எட்டையும் உடனே செலவழித்துவிட வேண்டாம். அம்மைக்கும் டெங்குவுக்கும் நாள் குறித்து வருவதில்லை.

இருபது வகுப்பு என்பது ஃபிசியாலஜியில் நான்கைந்து வாரம். பிப்ரவரியில் கணக்குப் பார்த்தால் செய்ய முடியும். மாடல் தேர்வுக்கு முந்தைய வாரம் பார்த்தால், நடக்கவே இருபது வகுப்பு மிச்சமிருக்காது.

பதிவு 9 · மொழிமுற்றம் (பவுண்டேஷன் கோர்ஸ் மொழி வகுப்பு)

ஒரு குழுவை எல்லோரும் தவறவிட்டீர்கள். தமிழ்நாட்டில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அப்படி வருகிறவர்களில் தமிழ் மீடியம் பிள்ளைகள் பலர். அவர்கள் வகுப்பைத் தவறவிடுவது அரிது, முன் வரிசையில் இருப்பார்கள். ஆனால் முதல் இன்டர்னலில் மதிப்பெண் குறைவாக வரும். "நரம்பு அறுந்தால் மணிக்கட்டு தொங்கும்" என்று சொல்லத் தெரியும், "ரிஸ்ட் ட்ராப்" பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுத வராது. உங்கள் புள்ளிப்படத்தில் வலதுபக்கம் கீழே (வருகை அதிகம், மதிப்பெண் குறைவு) இருக்கும் புள்ளிகளில் இவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பார்த்து "இன்னும் ஒழுங்காக வகுப்புக்கு வா" என்று சொன்னால் அது அநியாயம். அவர்களுக்கு வேண்டியது வாரம் இரண்டு விடைகளை எழுதவைத்துத் திருத்திக் கொடுக்கும் ஒருவர். அதுவும் படம், பாகம் குறித்தல், பிறகு ஐந்து வரி என்ற வரிசையில். வைவாவை (வாய்மொழித் தேர்வை) முதலில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பழக்கினால் பேச்சு சீக்கிரம் வந்துவிடும், எழுத்து வரத்தான் நேரமாகும்.

பயிற்றுமொழியைத் தரவில் ஒரு மாறியாகச் சேருங்கள் மேடம். இல்லாவிட்டால் வருகைக்குப் பலனில்லை என்று அவர்களை வைத்தே தவறான முடிவு வரும்.

பதிவு 10 · குறிஞ்சிநிலம்

மிக்க நன்றி. பயிற்றுமொழியைச் சேர்க்கிறேன். தியரியும் பிராக்டிகலும் தனித்தனி. மாதவாரி மூலப் பதிவேடு கேட்டு எழுதப் போகிறேன். இன்னொன்று: ஆறாவது வாரத்திலேயே பார்த்தால் பின்னால் சிக்கப் போகிறவரை அடையாளம் காண முடியுமா? கண்டால் என்ன செய்வது? எத்திக்ஸ் கமிட்டியில் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

பதிவு 11 · நாடித்துடிப்பு

ஆறாவது வாரத்தில் சதவீதத்தைப் பார்க்காதீர்கள், எந்த வகுப்பு காலி என்று பாருங்கள். காலை முதல் வகுப்பு மட்டும் திரும்பத் திரும்பக் காலி என்றால் தூக்கம், அல்லது வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். டெஸ்டுக்கு முந்தைய நாள் மட்டும் காலி என்றால் பயம், அல்லது வார்டு_விடியல் சொன்ன அட்டவணைக் கோளாறு. டிசெக்‌ஷன் மட்டும் காலி என்றால் ஃபார்மலின் ஒத்துக்கொள்ளவில்லையா, உடலைப் பார்க்க முடியவில்லையா என்று தனியாகக் கேட்க வேண்டும். தவறாமல் வந்துகொண்டிருந்தவர் திடீரென்று நான்கைந்து நாள் எல்லாப் பாடத்திலும் காணோம் என்றால், அன்றைக்கே விடுதிக்கு ஆள் போக வேண்டும். சதவீதமாகப் பார்த்தால் அவருக்கு இன்னும் 80 இருக்கும், பட்டியலில் பெயரே வராது.

மென்டர் கூப்பிட்டதும் "ஏன் வரவில்லை" என்று தொடங்கினால் "உடம்பு சரியில்லை சார்" என்ற ஒரே பதில்தான் வரும். எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், மெஸ்ஸில் சாப்பிடுகிறாயா, எந்த வகுப்பு புரியவில்லை என்று கேளுங்கள். எடுத்த எடுப்பில் வீட்டுக்குக் கடிதம் போடுவதை நான் ஏற்கவில்லை. மருத்துவப் படிப்புக்காகக் கடன் வாங்கிய வீடுகளில் அந்தக் கடிதம் என்ன செய்யும் என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. மனநல உதவி தேவை என்று தோன்றினால், நம் கல்லூரி சைக்கியாட்ரி ஓபிக்கே அனுப்பினால் பிள்ளை போகாது. அங்கே உட்கார்ந்திருப்பவர் நாளைக்கு அதே பிள்ளைக்கு எக்ஸாமினர். வெளியே ஒருவரிடம் அனுப்புங்கள். டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பதிவு 12 · புள்ளிக்கோடு

எத்திக்ஸ் பற்றி: மாணவர்கள் உங்கள் துறைக்குக் கீழே இருப்பவர்கள், மறுத்துப் பேச முடியாத நிலை என்பதைக் கமிட்டி பார்க்கும். பழைய பதிவேடு மட்டும் என்றால் ஒப்புதல் விலக்கு கேட்கலாம். பதிவெண்ணை நீக்கிப் புதுக் குறியீடு போடும் வேலையை மாணவர் பிரிவு எழுத்தரிடம் விட்டுவிடுங்கள். சாவிப் பட்டியல் உங்களிடம் இருக்கக் கூடாது. ஆனால் ஆறாவது வாரத்தில் ஆளைக் கண்டுபிடித்து உதவுவது என்பது வேறு வேலை. அதற்குப் பெயர் வேண்டும். இரண்டையும் ஒரே திட்டத்தில் போட்டால் கமிட்டி திருப்பி அனுப்பும். ஆய்வு ஒன்று, துறையின் மென்டர் பணி இன்னொன்று என்று பிரித்துவிடுங்கள்.

பதிவு 13 · வார்டு_விடியல்

முதலாண்டுத் தம்பிக்கு ஒன்று விட்டுப்போனது. ஏட்காம் (மனப்பான்மை, நெறிமுறை, தொடர்பாடல்) வகுப்புக்குத் தனியாக 75 வேண்டும். பாடத்தின் தியரியில் 90 இருந்தாலும் இது தனிக் கணக்கு. பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு, அதுவும் எப்போதாவதுதான் வைப்பார்கள். மொத்த வகுப்பே குறைவு என்பதால் இரண்டு மூன்று விட்டாலே 75க்குக் கீழே போய்விடும். அந்தப் பதிவேடு எந்தத் துறையில் இருக்கிறது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்.